பைக்கை வாங்கியதும் பிரித்துப் போட்ட ஜி.டி.நாயுடு: ஏபிஎஸ் பிரேக் காலத்துக்கு அவர் வாழ்க்கை தரும் பாடம் என்ன?

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலை ஓரம் பத்து நிமிஷம் நின்றால் போதும். வாடகை ஸ்கூட்டர், கர்நாடக பதிவெண் புல்லட், வெளிநாட்டுப் பயணி ஓட்டும் பழைய பைக் என எல்லா ரக டூவீலரும் கண்ணில் படும். வார இறுதியில் வருபவர்களில் பலர் 14 கி.மீ. கிரிவலப் பாதையோடு நிறுத்துவதில்லை. போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கும் ஒரு ரவுண்டு போய்விட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் என்ன செய்வீர்கள்? மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால்? யூடியூப் பார்த்து நாமே கழற்றலாமா, சாலையோர மெக்கானிக்கிடம் விடலாமா, கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வர வேண்டிய ஒரு பெயர் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்பே, கஷ்டப்பட்டு வாங்கிய பைக்கை முதல் வேலையாகப் பிரித்துப் போட்டவர் அவர். கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கி.மீ. நீள மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது: ஜி.டி.நாயுடு.

யார் இவர்? பைக்குக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? இன்று இருந்தால் ஏபிஎஸ் யூனிட்டையும் பிரித்திருப்பாரா?

களங்கல் கிராமத்துப் பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்கு அருகே உள்ள களங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. ஆரம்பப் படிப்போடு சரி. அதன்பிறகு படித்ததெல்லாம் சொந்தமாகத்தான்.

அந்தக் கிராமத்துக்கு ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வண்டி வழியில் நின்றுவிட்டது என்றும், சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக் கொடுத்தது இளைஞர் நாயுடுதான் என்றும் ஊரில் கதையாகச் சொல்வதுண்டு. மாடு இல்லாமல், மிதிக்காமல், தானாக ஓடும் ஒரு வண்டியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி மனசில் அப்படியே தங்கிவிட்டது.

300 ரூபாய் பைக்

பைக் வேண்டும். ஆனா காசு இல்லை. நாயுடு கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். சில வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு அந்த அதிகாரியிடமே போய் 300 ரூபாய்க்கு வண்டியை வாங்கினார். அது 1912 மாடல் ரட்ஜ் மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத் தயாரிப்பு.

வேறு யாராக இருந்தாலும் வாங்கிய கையோடு ஊரைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்திருப்பார்கள். நாயுடு வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றினார். எது எதோடு சேர்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்தார். திரும்பவும் மாட்டினார். புத்தகம் கிடையாது, சொல்லித்தர ஆளும் கிடையாது. அப்படிக் கற்றுக்கொண்டுதான் மெக்கானிக் ஆனார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளின் பிரேக் ரொம்ப எளிமையானது. முன் சக்கரத்தில் சைக்கிள் போல ரிம்மைப் பிடிக்கும் கட்டைகள், பின்னால் பெல்ட் ஓடும் சக்கரத்தில் உரசும் ஒரு கட்டை. அவ்வளவுதான். கம்பியையும் நெம்புகோலையும் கண்ணால் பார்த்தே வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ளலாம். தப்பாக மாட்டினாலும் உடனே தெரிந்துவிடும்.

இன்றைய பைக் அப்படி இல்லை. அதற்குப் பின்னால் வருவோம்.

விழுந்தார், எழுந்தார்

மெக்கானிக் வேலைக்குப் பிறகு நாயுடு பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். முதல் உலகப்போர் காலத்தில் நல்ல லாபம். அதை இன்னும் பெருக்க பம்பாய்க்குப் போனார். அங்கே பருத்திச் சந்தையில் சம்பாதித்த பணம் மொத்தமும் போனது. கையில் மிஞ்சியது வண்டியைப் பற்றித் தெரிந்த அறிவு மட்டும்தான்.

அந்த அறிவை நம்பி உதவியவர் கோவையின் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவரது கடனுதவியோடு 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சி – பழனி ரூட். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஓட்டியவரும் நாயுடுதான். அப்போது ரமண மகரிஷி திருவண்ணாமலை மலைமேல் கந்தாசிரமத்தில் இருந்தார். இப்போது செங்கம் சாலையில் இருக்கும் ஆசிரமமே இன்னும் உருவாகவில்லை. பஸ் என்பது அந்த அளவுக்குப் புதிய விஷயம்.

அந்த ஒரு பஸ்ஸிலிருந்து வளர்ந்ததுதான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யுஎம்எஸ். சில வருஷங்களிலேயே நாட்டின் திறமையான போக்குவரத்து நிறுவனங்களில் ஒன்று என்று அது பெயர் எடுத்தது.

பஸ் கம்பெனி முதலாளிக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு பைக்கைப் பிரித்துப் போட்டு வாரக்கணக்கில் ஆராயலாம். காலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டிய பஸ்ஸை அப்படிச் செய்ய முடியாது. எஞ்சினில் கோளாறா இல்லையா என்பது, அதைத் திறக்காமலே தெரிய வேண்டும். நாயுடு இதற்காக எஞ்சின் அதிர்வை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் 'வைப்ரேட்டர் டெஸ்டர்' என்ற கருவியை உருவாக்கினார். டிக்கெட் இயந்திரமும் செய்தார்.

பிரித்துப் பார்த்துக் கற்ற அதே ஆள், பிரிக்காமலே கண்டுபிடிக்கும் கருவியையும் செய்தார் என்பதுதான் இங்கே முக்கியம். ஏபிஎஸ் பைக்கைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும் தேவை.

உங்கள் பிரேக்குக்குள் என்ன நடக்கிறது?

டிஸ்க் பிரேக் உள்ள பைக்கில் லீவரைப் பிடித்ததும் கம்பி எதுவும் இழுக்கப்படுவதில்லை. ஹேண்டில்பாரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் ஹோஸ் வழியாகக் கீழே போய், கேலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பிரேக் பேடை டிஸ்க் மீது அழுத்துகிறது. வண்டி நிற்கிறது.

திரவத்தை எவ்வளவு அழுத்தினாலும் கிட்டத்தட்ட சுருங்காது. அதனால்தான் கையின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆனா காற்று சுருங்கும். லைனுக்குள் காற்றுக்குமிழி புகுந்துவிட்டால், நீங்கள் கொடுக்கும் அழுத்தம் குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும். லீவர் பஞ்சு போல அமுங்குவதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் தண்ணீர். பெரும்பாலான பைக்குகளில் பயன்படும் டாட் 4 பிரேக் ஆயில், காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 சதவீத ஈரம் சேர்ந்த நிலையில் அதற்கான குறைந்தபட்ச அளவு 155 டிகிரி மட்டுமே. மலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் கொதிக்கும், கேலிப்பர் சூடாகும், பழைய ஆயில் ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலச் சுருங்கக்கூடியதுதான். ஊருக்குள் நன்றாகப் பிடித்த பிரேக், ஜவ்வாது மலை வளைவில் கைவிடுவது இப்படித்தான்.

அதனால்தான் பல கம்பெனிகள் 2 வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கின்றன. கிலோமீட்டர் ஓடவில்லை என்றாலும் மாற்ற வேண்டும். ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ஆயில் ஈரத்தை உறிஞ்சும்.

ப்ளீடிங்: ஏர் எடுப்பது எப்படி?

ஒர்க்ஷாப்பில் 'பிரேக்குல ஏர் எடுக்கணும்' என்பார்களே, அதுதான் ப்ளீடிங். ஏபிஎஸ் இல்லாத டிஸ்க் பிரேக்கில் முறை இதுதான்:

• ஆயில் டப்பா சமமாக இருக்கும்படி ஹேண்டில்பாரைத் திருப்பி, மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும்.

• கேலிப்பரில் உள்ள ப்ளீடர் நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட வேண்டும்.

• லீவரை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். ஆயிலும் குமிழியும் வெளியே வரும்.

• நிப்பிளை மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். முதலில் லீவரை விட்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும்.

• குமிழி நின்று, தெளிவான ஆயில் வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நடுவில் டப்பா காலியாகவே கூடாது.

ஆயில் பெயின்ட் மீது பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் உரியும். பேட் மீதோ டிஸ்க் மீதோ பட்டால் பிரேக்கே பிடிக்காது. மூடி திறந்து பல மாதம் ஆன பழைய ஆயில் பாட்டிலைப் பயன்படுத்தக் கூடாது. மூடியில் டாட் 4 என்று போட்டிருந்தால், சிலிக்கான் வகையான டாட் 5-ஐ ஊற்றவே கூடாது. எண்ணில் ஒன்று கூடுதல் என்பதால் அது உயர்ந்த ரகம் ஆகிவிடாது. இரண்டும் ஒன்றோடு ஒன்று சேராத வேறு வேறு திரவங்கள்.

இதுவரை நாயுடு பாணிதான். கண்ணால் பார்க்கலாம், கையால் செய்யலாம், தப்பு செய்தால் லீவரிலேயே தெரிந்துவிடும்.

ஏபிஎஸ் வந்ததும் என்ன மாறியது?

இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல் டூவீலர்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் ஏபிஎஸ் கட்டாயமானது. 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்று அப்போதைய விதி சொன்னது. இப்படி இரண்டையும் இணைக்கும் யோசனை புதியது கிடையாது. நாயுடு வாங்கிய அதே ரட்ஜ் கம்பெனி 1920களிலேயே அதைத் தன் பைக்குகளில் கொண்டுவந்துவிட்டது.

ஏபிஎஸ்ஸும் அப்படித்தான். 1958-லேயே பிரிட்டனில் ஒரு ராயல் என்ஃபீல்டு பைக்கில், விமானங்களுக்கான ஏபிஎஸ்ஸைப் பொருத்திச் சோதித்தார்கள். ஆனா உற்பத்திக்கு வரவில்லை. மின்னணு ஏபிஎஸ் உள்ள பைக் சந்தைக்கு வர 1988 ஆனது. அதைக் கொண்டுவந்தது பிஎம்டபிள்யூ.

இது எப்படி வேலை செய்கிறது? சக்கரத்தில் பல் பல்லாக ஒரு வளையமும், அதன் பக்கத்தில் ஒரு சென்சாரும் இருக்கும். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். பிரேக் பிடித்ததும் சக்கரம் லாக் ஆகப்போகிறது என்று தெரிந்தால், கன்ட்ரோல் யூனிட் அந்த லைனில் அழுத்தத்தைக் குறைத்து, மறுபடி கூட்டும். ஒரு நொடிக்குள் பலமுறை இது நடக்கும். இதைச் செய்வது மாடுலேட்டர் என்ற உலோகப் பெட்டி. அதற்குள் குட்டிக் குட்டி வால்வுகளும் ஒரு பம்பும் இருக்கின்றன.

சிக்கல் இந்தப் பெட்டியில்தான். சாதாரண நிலையில் அதன் சில வால்வுகள் மூடியே இருக்கும். அவற்றுக்குப் பின்னால் காற்று மாட்டிக்கொண்டால், லீவரை எத்தனை முறை அழுத்தினாலும் வெளியே வராது. ஸ்கேன் டூலை வண்டியில் மாட்டி, வால்வையும் பம்பையும் ஓடவிட்டால்தான் அந்தக் காற்று நகரும்.

அப்படியென்றால் ஏபிஎஸ் பைக்கில் யாரும் கை வைக்கக் கூடாதா? அப்படி இல்லை. கோட்டை எங்கே போடுவது என்று தெரிந்தால் போதும்.

• டப்பாவைக் காலியாக விடாமல் பழைய ஆயிலை மட்டும் மாற்றுவது: பெரும்பாலான மாடல்களில் வழக்கமான முறையிலேயே செய்யலாம். பழகிய மெக்கானிக் போதும். உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே இறுதி.

• மாடுலேட்டரையோ அதற்குப் போகும் பைப்பையோ கழற்றியிருந்தால், டப்பா காலியாகிக் காற்று உள்ளே போயிருந்தால், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் லீவர் பஞ்சாகவே இருந்தால்: ஸ்கேன் டூல் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். வண்டியை ஓட்டிப் போகாமல் ஏற்றிப் போவது நல்லது.

• ஏபிஎஸ் விளக்கு: சாவி போட்டதும் எரிந்து, வண்டி நகர ஆரம்பித்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் முதலில் சென்சாரிலும் வளையத்திலும் சேறு, இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா, வயர் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். இது பிரிக்காமலே செய்யக்கூடிய சோதனை. பொதுவாக விளக்கு எரிந்தாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும். லாக் ஆகாமல் காப்பாற்றும் வசதிதான் இருக்காது.

ஆய்வகத்திலிருந்து வகுப்பறைக்கு

நாயுடு கதைக்குத் திரும்புவோம். பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. ஐரோப்பா போனார். ஜெர்மனித் தொடர்பில் 'ரேசன்ட்' என்ற சின்ன மின் ஷேவிங் கருவியைக் கொண்டுவந்தார். பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீள்கிறது. 1937-ல் கோவை பீளமேட்டில் உள்ள அவரது நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் ஆலையிலிருந்து உள்நாட்டு மின்மோட்டார் வெளிவந்தது. மோட்டார், பம்ப் என்றால் கோவை என்று இன்று சொல்கிறோமே, அந்தக் கதையின் ஆரம்பப் பக்கங்களில் இது ஒன்று.

1944-ல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்புகளிலிருந்து விலகினார். அடுத்த கவனம் கல்வி. 1945-ல் அவர் முயற்சியில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் கோவையில் தொடங்கின. அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜிசிடி, அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி. ஆரம்பப் பள்ளியோடு நின்றவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார்!

அங்கேயும் மோதல் வந்தது. பொறியியல் படிக்க 4 வருஷம் எதற்கு, பட்டறையில் கை வைத்துக் கற்றால் 2 வருஷமே அதிகம் என்பது அவர் கருத்து. அரசு ஏற்கவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார்.

அவர் சொன்னது முழுக்கச் சரியா என்று இன்று விவாதிக்கலாம். ஏபிஎஸ் மாடுலேட்டரின் கணக்கைப் பட்டறையில் மட்டும் கற்றுவிட முடியாது. ஆனா நிப்பிளைத் தொட்டே பார்க்காத இன்ஜினியரால், லீவர் ஏன் பஞ்சாகிறது என்று வண்டி ஓட்டுபவருக்கு விளக்கவும் முடியாது.

உரிமம் இல்லாத கார்

அவர் வாழ்க்கையின் பெரிய ஏமாற்றம் 1952-ல் வந்தது. 2,000 ரூபாய் விலையில், இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய கார். ஆனா தயாரிக்க அரசு உரிமம் கொடுக்கவில்லை. திட்டம் அப்படியே நின்றது.

வரியும் உரிமக் கெடுபிடியும் அவரை ரொம்பவே வெறுப்பேற்றின. ஒரு கட்டத்தில், தான் செய்த பொருள்களைப் பொதுமேடையில் வைத்து உடைத்தே எதிர்ப்பைக் காட்டினார். 300 ரூபாய் பைக்கைப் பிரித்தது கற்றுக்கொள்ள. இந்த முறை உடைத்தது, செய்வதற்கு வழி இல்லாமல் போன கோபத்தில்.

1974 ஜனவரி 4 அன்று நாயுடு காலமானார். அவருடைய ரட்ஜ் பைக்கைக் கோவையில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

நாயுடு இன்று இருந்தால்?

ஏபிஎஸ் மாடுலேட்டரை அவர் கட்டாயம் பிரித்திருப்பார். ஆனா மலை இறக்கத்தில் ஓட்டப்போகும் வண்டியில் இருப்பதை அல்ல. வைப்ரேட்டர் டெஸ்டர் செய்த ஆளுக்கு ஸ்கேன் டூல் ஒன்றும் எதிரி கிடையாது. பிரிக்காமலே உள்ளே என்ன என்று சொல்லும் கருவி அது.

அந்தக் கருவியும் தகவலும் யார் கையில் இருக்கின்றன என்பதுதான் இன்றைய கேள்வி. ரட்ஜ் பைக்கைப் புரிந்துகொள்ள ஸ்பேனரும் பொறுமையும் போதுமாக இருந்தது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போக கம்பெனியின் சாஃப்ட்வேர் வேண்டும். அது கிடைக்காத சாலையோர மெக்கானிக், எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கிடைத்தால், அவசரத்துக்கு 50 கி.மீ. தள்ளி இருக்கும் சர்வீஸ் சென்டரைத் தேட வேண்டியதில்லை.

இதற்காகத்தான் 'பழுது பார்க்கும் உரிமை' என்ற பேச்சு உலகம் முழுக்க நடக்கிறது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் இதற்கென ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் தனி இணையதளமும் தொடங்கியது. செல்போன், வீட்டு உபயோகப் பொருள், விவசாயக் கருவி ஆகியவற்றோடு வாகனங்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

அடுத்த முறை ரமணாசிரமம் பக்கம் வந்து வாடகைக்கு ஒரு பைக் எடுக்கிறீர்கள் என்றால், கிளம்பும் முன் ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். லீவர் கெட்டியாக இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். ஆயில் டப்பாவின் கண்ணாடியில் அளவும் நிறமும் பாருங்கள். டீ கலரில் இருந்தால் மாற்ற வேண்டிய காலம் தாண்டிவிட்டது. வண்டி நகர்ந்ததும் ஏபிஎஸ் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், அந்த வண்டியில் ஜவ்வாது மலைக்குப் போக வேண்டாம்.